முதல் தங்கம் வென்ற நீச்சல் ஆசான்

பிழைப்பின் பொருட்டுக் கல்கத்தாவில் குடியேறிய நாம், கங்கையின் படித்துறைகளில் சிறுவர் நீந்தி விளையாடுவதை அடிக்கடி காண்கிறோம். இக்கங்கையில் நீந்திப் பழகி, நாட்டுக்கே புகழ் தேடித் தந்த ஒருவரின் வரலாற்றை நம்மவர் அறிதல் நன்று. அவர் பெயர் சசின் நாக்.

1920-இல் காசியில் பிறந்த அவர், பின்னர் கல்கத்தா வந்து ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்ந்தார். 1947-இல் நடந்த கலவரத்தின்போது அவர் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. நெடுங்காலம் நீந்தலாகாது என மருத்துவர் கூறினர். ஆயினும் மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டார். 1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 1 நிமிடம் 4.7 விநாடியில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாவில் பாரதத்துக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. 2023 ஹாங்சௌ விழா வரை நீச்சல் பந்தயத்தில் வேறெந்த இந்தியரும் தங்கம் வென்றதில்லை.

நிற்க. அவர் பெருமை பதக்கத்தோடு முடியவில்லை. இளம் வயதிலேயே தாயை இழந்த ஆரத்தி சாஹா என்னும் சிறுமி அதே சங்கத்தில் சேர்ந்தபோது, அவள் திறமையைக் கண்டறிந்து பயிற்றுவித்தவர் அவரே. 1946-இல், ஐந்து வயதில், அவள் முதல் போட்டியை வென்றாள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு ஆசானும் மாணவியும் ஒரே அணியில் சென்றனர். அவர் நீர்ப்பந்தாட்டத்துக்கு, பதினொரு வயது ஆரத்தி நீச்சலுக்கு! 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று தோற்ற ஆரத்தி, செப்டம்பர் 29-இல் 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, அவ்வாறு கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். 1960-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் நம் ரயில்வேயிலும் பணியாற்றியவர் என்பது என் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தனி மகிழ்ச்சி.

மாணவிக்கு இருபது வயது நிறையுமுன் கிடைத்த அரசாங்க மரியாதை, ஆசானுக்கு எப்போது வந்தது? 1987-இல் அவர் காலமாகி 33 ஆண்டுகள் கழிந்தபின், 2020-இல்தான் தியான் சந்த் விருது வழங்கப்பெற்றது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

பெண் குழந்தையை நீச்சலுக்கு அனுப்ப நம்மிற் பலர் தயங்குகிறோம். என் மகள் கேட்டபோது நானும் தயங்கியவனே. இவ்வரலாற்றைப் படித்தபின் அவளை அழைத்துச்சென்று சேர்த்தேன். முதல் நாள் அவள் நீரில் இறங்குகையில், கரையில் நின்று கைநீட்டிய ஆசிரியருக்கு என்னையறியாமல் கைகூப்பினேன். ஆசானுக்குரிய மரியாதையை அவர் இருக்கும்போதே செலுத்துவோமாக.