கண்ணாடிக்குள் அடைபட்ட ஈரம்

1829ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் நத்தானியேல் பேக்ஷா வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்துக் கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அவர் எதிர்பாராத வகையில், அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. அவரது தோட்டத்துப் பெரணிகள் நிலக்கரிப் புகையில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. புட்டிக்குள் இருந்தவையோ, நீர் ஊற்றப்படாமலேயே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன.

காரணம் எளியது. பகலில் இலைகளும் மண்ணும் வெளிவிட்ட நீராவி, கண்ணாடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. மழைக்காட்டின் ஈரப்பதம் ஒரு புட்டிக்குள் நிலைபெற்றது.

அதுவரை கடல்வழி அனுப்பப்பட்ட செடிகளுள் பெரும்பாலானவை உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் அழிந்தன. 1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் உயிருடன் கரை சேர்ந்தன. அதன்பின் 'வார்டியன் பெட்டி' வரவேற்பறை அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை, பேரரசின் கருவியுமாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலையை இமயமலை அடிவாரத்திற்குக் கொண்டுவந்த இராபர்ட் ஃபார்ச்சூன், பெட்டியின் மண்ணிலேயே விதைகளைத் தூவினார். அவை பயணத்தின்போதே முளைத்தன. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து 1,900க்கும் மேற்பட்ட ரப்பர் நாற்றுகள் இப்பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. அத்தீவின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து சென்றோரின் வரலாறும் இப்பெட்டிகளோடு பிணைந்ததே.

ஆயினும் பெட்டி எல்லாம் வல்லதன்று. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து உதகமண்டலத்திற்குக் கொண்டுவந்த சின்கோனாச் செடிகள், செங்கடல் வெப்பத்தில் நலிந்து இறுதியில் மடிந்தன. ஈரத்தைக் காத்த கண்ணாடி, வெப்பத்தையும் உள்ளே சிறைப்பிடித்தது. மறு ஆண்டு இராபர்ட் கிராஸ் எக்குவடோரிலிருந்து கொணர்ந்த செடிகளே நீலகிரியில் வேரூன்றின.

குளிரூட்டி, அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அதனால் வெப்பமண்டலச் செடிகளின் இலைநுனி கருகுவதைக் கண்டு, டெல்லியிலும் பெங்களூரிலும் அவற்றைக் கண்ணாடிக் கூண்டில் வளர்ப்போர் இன்று உள்ளனர். அவர்கள் கையாள்வது வார்டின் முறையையே. நேர்வெயிலில் அக்கூண்டை வைத்தால் நேர்வதும் மார்க்கமின் செடிகளுக்கு நேர்ந்ததே. தாவரவியல் நூல்கள் இப்பெட்டியை ஒரு கண்டுபிடிப்பாகப் பதிவு செய்கின்றன. இடம்பெயர்ந்த செடிகளையும், அவற்றைத் தொடர்ந்து இடம்பெயர்ந்த மனிதர்களையும் சேர்த்துப் படிக்கும்போதே அதன் வரலாறு முழுமை பெறும்.