உரிமத்தின் நிபந்தனையும் பிரயாணியின் மானமும்

பேருந்திலோ இரயிலிலோ அவமதிக்கப்பட்ட பிரயாணிக்குச் சட்டம் என்ன பரிகாரம் தருகிறது என்று கேட்டால், இந்நாளில் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்காட்டுகின்றனர். அவ்விடையில் பிழையில்லை. ஆயினும், செட்டிநாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு நிர்வாக நடவடிக்கையை ஆராய்வோர்க்கு, பிரயாணியின் உரிமைக்கு மூலம் அவர் செலுத்திய கட்டணத்தைக் காட்டிலும், பொதுச் சாலையில் வண்டியோட்ட அரசு அளித்த அனுமதியே என்னும் வேறொரு கோட்பாடு புலப்படும். அதை மீட்டெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரைக்குடியும் தேவகோட்டையும், சிவகங்கை தனி மாவட்டமாக 1985-இல் பிரிவதற்கு முன், இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1920-களில் அந்த ஜில்லாவில் தனியார் மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது, கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்ற ஆதிதிராவிடரை ஏற்ற முதலாளிகள் பலர் மறுத்தனர். பஞ்சமர்க்கு இடமில்லை என்று பயணச்சீட்டிலேயே அச்சிட்டவர்களும் உண்டென்று சுயமரியாதை இயக்கத்தார் எழுதிவைத்திருக்கின்றனர். பட்டிவீரன்பட்டியில் பிறந்து, 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் அந்த ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து செய்யப்படும் என்று உத்தரவிட்டார்.

இவ்வுத்தரவின் சட்ட நுட்பம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பது என் கருத்து. இறக்கிவிடப்பட்ட கூலித் தொழிலாளி, ஒப்பந்த மீறல் என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்திற்குப் போயிருந்தால், சீட்டே வழங்கப்படாத நிலையில் ஒப்பந்தம் ஏது என்று எதிர்த்தரப்பு கேட்டிருக்கும். வென்றிருந்தாலும் சில அணாக்களுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்திராது. சௌந்தரபாண்டியனோ, அவமதிக்கப்பட்டவர் தலையில் வழக்கின் பாரத்தை ஏற்றாமல், அவமதித்தவரின் பிழைப்புக்கே ஆதாரமான அனுமதியின்மீது கைவைத்தார். பொதுஜனங்களின் வரிப்பணத்தில் போட்ட சாலையில் லாபம் ஈட்ட உனக்கு அனுமதி வேண்டுமானால், அந்த ஜனங்களுள் எவரையும் இழிவுபடுத்தாதே என்பதே அதன் சாரம். பொது வாகனத்தைப் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் விதித்ததற்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஒரு ஜில்லாவின் சாலைகளில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது.

நுகர்வோர் சட்டத்தின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை செல்லும் வழியில் எங்கோ நள்ளிரவில் இறக்கிவிடப்பட்ட காரைக்குடிக்காரர், சம்பவம் நடந்த ஊருக்கு அலையாமல், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் அச்சட்டம் இலவசமாக அளிக்கப்படும் சேவையைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதும், கூடையோடு ஓடிவந்து ஏறுகிறவளிடம் ‘ஓசி டிக்கெட்’ என்று முகஞ்சுளித்துக் கட்டணமில்லாச் சீட்டை நீட்டுவதும் பலரும் கண்டறிந்த காட்சிகள். அவள் ஆணையத்தின் படியேறினால், நீ நுகர்வோரே அல்லள் என்று வாதிட இடமிருக்கிறது.

இவ்வாதத்திற்கு விடை உண்டு. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கில், 1995-இல் உச்சநீதிமன்றம், நோயாளிக்காகப் பிறர் பணம் செலுத்தினும் அது கட்டணம் பெற்ற சேவையே என்று கூறியது. பெண்களின் பயணத்துக்கு அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்வதால் அந்நியாயம் இங்கும் பொருந்தும். ஆயினும், வசை கேட்டவள் தன் மானத்தைக் காக்க, தனக்காக யார் பணம் கட்டினார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டியிருப்பதே ஒரு குறைபாடன்றோ? உரிமக் கோட்பாட்டில் இக்கேள்வி எழுவதேயில்லை.

இங்கே ஒரு கடினமான ஆட்சேபம் குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, பெர்மிட்டின் நிபந்தனையை மீறினால் அதை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ அதிகாரம் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் பஸ்கள் பெருமளவில் அரசுடைமையான பின், அனுமதி கொடுப்பவரும் வண்டி ஓட்டுபவரும் ஒரே அரசின் இரு கைகளாயினர். சௌந்தரபாண்டியனுக்கு எதிரே தனியார் முதலாளிகள் இருந்தார்கள். இன்றைய அதிகாரிக்கு எதிரே தன் சொந்த இலாகாவே நிற்கிறது. கழகத்தின் வண்டிகளை நிறுத்திவைத்தால் தண்டனை அடைபவர்களும் பிரயாணிகளே. காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகமும், அதுபோன்ற பிறவும், சாதிக் கலவரத்தின் காரணமாக 1997-இல் தலைவர்களின் பெயர்களை இழந்தன என்பதை நினைத்தால், அரசுடைமை ஆனதாலேயே பஸ்ஸிலிருந்து சாதி இறங்கிவிட்டது என்று எவரும் சொல்லார்.

எனினும் அரசே வண்டியோட்டுவதால் பிரயாணிக்கு வேறொரு பலம் சேர்கிறது. அரசியலமைப்பின் 14, 21-ஆம் விதிகள் கழகத்தை நேரே கட்டுப்படுத்துகின்றன. ஹௌராவில் இரயில்வே ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு இரயில்வே நிர்வாகம் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென்று 2000-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் இந்நாட்டுப் பிரஜை அல்லர் என்ற வாதத்தை ஏற்கவில்லை. நுகர்வோரா என்று வினவவும் இல்லை. 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும், வண்டியில் துன்புறுத்தப்பட்ட பெண் முறையிட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு வண்டியைச் செலுத்தும் கடமையை நடத்துநர் ஓட்டுநர்மீது சுமத்துகிறது. இக்கடமை சீட்டின் விலையைப் பொறுத்ததன்று.

ஆகவே, நஷ்டஈடு கோரும் வழியை நுகர்வோர் ஆணையத்திற்கு விட்டுவிட்டு, தனியார் பஸ், அரசு பஸ் என்ற பேதமின்றி ஒவ்வொரு பெர்மிட்டிலும் பிரயாணியை மரியாதையுடன் நடத்துவதை நிபந்தனையாக எழுத வேண்டும். அரசு வண்டியாயின், மீறலின் விளைவு வழித்தடத்தின்மீது விழாமல், நடத்துநர் உரிமத்தின்மீதும் கிளை நிர்வாகத்தின்மீதும் விழுமாறு விதி செய்ய வேண்டும். அத்தகைய மீறல் பற்றிய முறையீட்டைக் கழகத்தின் அதிகாரி அல்லாத ஒருவரே விசாரிக்க வேண்டும்.