மார்கழியில் வெட்டிய ரோஜா

காதலர் தினத்துக்கு ரோஜாவை எப்போது ஆர்டர் செய்வீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. தீபாவளி முடிந்த வாரம் என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். பிப்ரவரி 14 அன்று அண்ணாநகரில் என் கடை வாசலில் பக்கெட்டில் நிற்கும் சிவப்பு ரோஜாவின் தலையெழுத்து, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, ஓசூர்ப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் கவாத்துக் கத்தரியால் எழுதப்பட்டுவிடுகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் போனைப் போட்டு, "இன்னும் நூறு கட்டு சேர்த்து அனுப்புங்க" என்று கேட்டால் மறுமுனையில் சிரிப்புதான் வரும்.

கவாத்து செய்த கணுவிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, மொட்டுக் கட்டி, வெட்டும் பதத்துக்கு வர 45 முதல் 60 நாள் ஆகும். இவ்வளவு இடைவெளி எதற்கென்றால், குளிர். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. பனி நீடித்தால் மொட்டு அசையாமல் நிற்கும். ஜனவரி வெயில் சுள்ளென்று அடித்தால் ஒரு வாரம் முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் தளி, பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாரும் குடில் முழுவதையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. நாலு நாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்து வெட்டுகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகிற பூ ஜனவரி கடைசியிலேயே விமானம் ஏற வேண்டும். அதற்கு டிசம்பர் முதல் பாதியில் கவாத்து. சென்னை, ஹைதராபாத், மும்பை கடைகளுக்குப் போகிற பூவுக்கு டிசம்பர் 18லிருந்து 25 வரை. அப்படி வெட்டினால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பூவை இழக்க வேண்டும். விவசாயி எந்தத் தைரியத்தில் கையில் இருக்கும் பூவை விட்டுவிட்டு, வரப்போகும் பூவுக்காகக் கத்தரி வைக்கிறார்?

இதற்கு விடை நம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தோடு கல்யாண மண்டபங்கள் பூட்டிக்கொள்ளும். மார்கழியில் கல்யாணம் கிடையாது; மேடை அலங்காரம் கிடையாது; பூவுக்கு உள்ளூரில் விலையும் கிடையாது. அந்த மாதத்தில் செடியை வெட்டிப் போட்டால் நஷ்டம் குறைவு. வெட்டிய செடி பூக்கும்போது தை முகூர்த்தங்கள் முடியும் தறுவாய். அடுத்து மாசி பிறக்கும். பிப்ரவரி 14 என்பது மாசி 1 அல்லது 2ஆகத்தான் வரும். யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் ரோமாபுரிப் பாதிரியார் பெயரில் வரும் நாளும் நம் கல்யாண மாதங்களும் ஒரே கவாத்தில் அடங்கிவிட்டன. ஓசூர் ரோஜா இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவர் சென்னை பூக்கடையில், பத்ரியன் தெருவில் வியாபாரம் செய்தவர். கட்டிய பூ முழத்தில் போகும், உதிரிப்பூ எடையில் போகும். ரோஜா என்றால் பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும்தான். கூடையில் குவித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, கிலோ கணக்கில் விற்பார். காம்பு என்பது அவருக்குக் கழிவு. எடையைக் கூட்டிக் காட்டக் காம்போடு அனுப்பிவிட்டார்கள் என்று சண்டை போடுவார். 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும், ஒரே ஒரு பூவைக் காம்போடு, அதுவும் காம்பின் நீளத்துக்கு ஏற்ற விலை சொல்லி விற்கலாம் என்று நான் சொன்னபோது, "பைத்தியக்காரன் வாங்குவான், போ" என்றார். பொக்கே கேட்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள்: மந்திரியை வரவேற்பவர்கள், ஓட்டல்காரர்கள், கம்பெனி விழா நடத்துபவர்கள். பெங்களூரிலிருந்து கிளாடியோலஸ் வரும், ஊட்டியிலிருந்து கார்னேஷன் வரும். அது மேல்தட்டுச் சங்கதி. தெருக் கடைக்கு வராது.

நீளக் காம்பு ரோஜா இந்தப் பக்கம் வந்ததே நமக்காக இல்லை. 1988இல் மத்திய அரசு புதிய விதைக் கொள்கை கொண்டுவந்து, வெளிநாட்டு நாற்றுகளை இறக்குமதி செய்வதை எளிதாக்கியது. 1991இல் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டு, ஏற்றுமதி செய்தால் லாபம் என்ற நிலை வந்தது. பெங்களூரைச் சுற்றியும் ஓசூரிலும் ஹாலந்து, இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு பெரிய பெரிய குடில்கள் எழும்பின. நோக்கம் ஒன்றே ஒன்று: ஐரோப்பாவின் பிப்ரவரிச் சந்தை. அங்கே குளிர்காலத்தில் ரோஜா வளர்க்க வெப்பமூட்ட வேண்டும். இங்கே வெயில் இலவசம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையிலும் அதே வெயில் இலவசம். அதோடு கென்யப் பூவுக்கு ஐரோப்பாவில் சுங்கவரி இல்லை, நம் பூவுக்கு இருந்தது. விமானக் கட்டணம், ரகங்களுக்கான ராயல்டி, வங்கி வட்டி எல்லாம் சேர்ந்து பல கம்பெனிகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் படுத்துவிட்டன.

குடில் கட்டினவர் போனாலும் வேலை கற்றவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அங்கே கூலிக்குக் கவாத்து செய்தவரும் சூப்பர்வைசராக இருந்தவரும் தங்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் சொந்தக் குடில் போட ஆரம்பித்தார்கள். 2005இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் வந்து குடிலுக்கு மானியம் கிடைத்ததும் பேரிகைப் பக்கம் மலைச்சரிவெல்லாம் வெள்ளை பாலித்தீன் கூரையாக மாறியது. தமிழக அரசின் டிட்கோ நிறுவனப் பங்கோடு தொடங்கிய டான்ஃபுளோரா மாதிரிப் பெரிய ஏற்றுமதிப் பண்ணை அமுதகொண்டபள்ளியில் இன்னொரு பக்கம். நாங்கள் வாங்குவது சின்ன விவசாயிகளிடம்தான்.

வாங்குகிறவனும் அந்தத் தொண்ணூறுகளில்தான் உருவானான். டெல்லியில் 1979இல் தொடங்கிய ஆர்ச்சீஸ், வாழ்த்து அட்டைக் கடைகளைத் தொண்ணூறுகளில் சின்ன ஊர்களுக்குக் கூடக் கொண்டுபோனது. கேபிள் டிவி வந்தது. 1999இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘காதலர் தினம்’ என்றே ஒரு படம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் அந்த நாளை விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவுக்குப் போகாமல் தங்கிய நீளக் காம்பு ரோஜா கோயம்பேட்டிலும் பாரிமுனையிலும் கிடைக்க ஆரம்பித்திருந்தது. அப்பா சொன்ன பைத்தியக்காரர்கள் கல்லூரிப் பையோடு வரிசையில் நின்றார்கள்.

எதிர்ப்பும் வந்தது. அட்டை கொளுத்தினார்கள், கடைக்காரர்களை மிரட்டினார்கள். சில அமைப்புகள் நாய்க்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்துப் போராட்டம் நடத்தின. அந்தக் கல்யாணத்துக்கும் யாரோ ஒரு பூக்கடைக்காரர்தானே மாலை கட்டிக் கொடுத்திருப்பார்.

இப்போது ஆர்டர் கதைக்கு வருகிறேன். தீபாவளி முடிந்ததும் விவசாயியிடமிருந்து போன் வரும். "அண்ணா, ரெட்டு எவ்ளோ, கலர் எவ்ளோ?" பதில் சொல்லும்முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பிப்ரவரி 14 என்ன கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்லூரி இல்லை, ஆபீஸ் இல்லை. ஒற்றைப் பூ வியாபாரம் படுத்துவிடும். 2021 அப்படித்தான் வந்தது. இரண்டு, பக்கத்தில் முகூர்த்தம் இருக்கிறதா. இருந்தால் அலங்காரக்காரர்கள் சிவப்பு ரோஜாவை மேடைக்கு மொத்தமாக அள்ளிப் போவார்கள். நமக்கு விலை ஏறும். ஆனால் மிஞ்சின பூவுக்கு ஒரு போக்கிடம் உண்டு. மூன்று, சாம்பல் புதன். 2018இலும் 2024இலும் பிப்ரவரி 14 அன்றே தவக்காலம் தொடங்கியது. தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ வைப்பதில்லை, தேவாலயத்தில் கல்யாணமும் அரிது. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதியில் கடை வைத்திருப்பவர் இதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால் கையைச் சுட்டுக்கொள்வார்.

பிறகு நீளம். ஒரு கட்டு என்றால் இருபது பூ. 40 சென்டிமீட்டர், 50, 60 என்று பிரித்துத்தான் விலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு 60க்கு மேல் வேண்டும். மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே வெட்டுவார்கள். நம் கடைக்கு 40, 50 போதும். மொட்டு கொஞ்சம் விரிந்திருந்தால்தான் நம் ஆட்களுக்குப் பூவாகத் தெரியும். சிவப்பில் முன்பு ஃபர்ஸ்ட் ரெட், கிராண்ட் காலா என்று கேட்டு வாங்கினோம். இப்போது எல்லாம் தாஜ்மஹால். இதழ் கனம், பயணம் தாங்கும், நான்கைந்து நாள் பக்கெட்டில் நிற்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சொல்வதில்லை. பொக்கேயில் இடைவெளி நிரப்பும் ஜிப்சோபிலாவும் கோல்டன் ராடும் தனி ஆர்டர்.

விலையைப் பேசுவதில் இரண்டு வழி. முன்பணம் கொடுத்து நிலையான விலை பேசுவது ஒன்று. அன்றன்றைய விலைக்கு எடுப்பது இன்னொன்று. அன்றைய விலை என்றால் பெங்களூர் ஹெப்பாளில் 2007இல் தொடங்கிய சர்வதேச மலர் ஏல மையத்தில் என்ன போகிறதோ அதை வைத்துத்தான். அங்கே ஏலம் மேலேயிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்குகிறவருக்குப் பூ. இந்த முறையின் பூர்வீகம் ஹாலந்து. 1887இல் அங்கே ஒரு காய்கறிச் சந்தையில் காலிஃபிளவர் விற்பதற்காக ஆரம்பித்ததாம்! பூவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏலம் கிடையாது, யோசிக்க நேரம் கொடுத்தால் பூ வாடிவிடும். நான் பாதிக்கு நிலையான விலை பேசிவிட்டு மீதிக்கு ஏலத்தைப் பார்ப்பேன். மற்ற நாளில் ஐந்து ரூபாய்க்கு எடுக்கும் பூவுக்கு அந்த ஒரு வாரம் பதினைந்தோ இருபதோ கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்றுமதி எப்படிப் போகிறது என்பதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவை ஆப்பிரிக்கா எடுத்துக்கொண்ட பிறகு நம் பூ சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போகிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற ரோஜாவின் காம்பைக் களைக்கொல்லியில் முக்கித்தான் அனுப்ப வேண்டும். அங்கே யாரும் நட்டு வளர்த்துவிடக் கூடாதாம். டிசம்பர் கடைசியில் மூடுபனி அதிகமாகி இலையில் அடிச்சாம்பல் நோய் விழுந்தாலோ, விமானத்தில் இடம் கிடைக்காமல் போனாலோ, அந்த 60 சென்டிமீட்டர் பூவெல்லாம் பிப்ரவரி 9, 10இல் உள்ளூர்ச் சந்தையில் கொட்டும். நிலையான விலைக்கு முழுவதையும் பேசியவர்கள் அன்று வயிற்றில் அடித்துக்கொள்வார்கள்.

பூ ஓசூரில் சாயங்காலம் ஏறினால் கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் வழியாக விடியற்காலை சென்னை. நெளி அட்டையில் சுற்றிய கட்டு, மொட்டின் மேல் வலைத் தொப்பி. பிரித்த உடனே காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலையை உருவிவிட்டு, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் கலந்த பக்கெட்டில் நிறுத்த வேண்டும். இதில் சோம்பல்படுகிற கடையில் பூ மறுநாளே தலை தொங்கும். சில குளிர்பதனக் கிடங்குகளில் விலை ஏறட்டும் என்று 2 டிகிரியில் பத்து நாளைக்கு மேல் வைத்திருந்து தள்ளிவிடுவார்கள். பார்க்க நேற்று வெட்டியதுபோல் இருக்கும், வெயில் பட்டதும் கறுத்துவிடும். எனக்கும் அப்படி ஒரு லோடு வந்தது. அனுப்பியவர் அடுத்த வருஷம் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை.

2020 மார்ச் ஊரடங்கில் நிஜமான பரீட்சை வந்தது. காதலர் தின வருமானம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதற்கடுத்து பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் ஒன்றுகூட இல்லை. செடியில் பூத்ததை வெட்டி வரப்பில் கொட்டினார்கள். பலர் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு அதே குடிலில் குடைமிளகாயும் வெள்ளரியும் போட்டார்கள். பிப்ரவரி ஒரு வாரம் நன்றாக ஓடியும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. கல்யாணங்கள் திரும்பிய பிறகுதான் நாற்று வைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் பயப்படுவது கென்யாவுக்கு அல்ல, மண்டப மேடைகளை நிறைக்கும் பிளாஸ்டிக் பூவுக்கு. அலங்காரக்காரர் ஒரு முறை வாங்கி ஐம்பது கல்யாணத்துக்கு வைக்கிறார். மேடையிலிருந்து ரோஜா போய்விட்டால் காதலர் தினத்துக்கும் ஓசூர் ரோஜா வராது. ஒரு வார விற்பனைக்காக வருஷம் முழுவதும் குடிலை வைத்திருக்க யாராலும் முடியாது. பூ விலை ஏறிவிட்டது என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறவர்கள், தங்கள் வீட்டுக் கல்யாண மேடையில் என்ன பூ இருந்தது என்று ஒருமுறை ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

வாங்க வருகிறவர்களுக்குக் கடைக்காரனாக நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மொட்டின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுப் பூ, மெத்தென்றிருந்தால் கிடங்குப் பூ. ஒற்றைப் பூவுக்கு 60 சென்டிமீட்டர் கேட்காதீர்கள். பைக்கில் கொண்டுபோக முடியாது என்று நீங்களே பாதியை வெட்டச் சொல்வீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருப்பேன். மொத்தமாக வேண்டும் என்றால் 10ஆம் தேதிக்குள் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். தேதி முக்கியமில்லை, பூதான் முக்கியம் என்கிறவர்கள் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து 16ஆம் தேதிக்கு மேல் வாருங்கள். அதே குடில், அதே தாஜ்மஹால், பாதி விலை.