சமநிலையும் சுழற்சியும்: பிள்ளைகளின் சீருடற்பயிற்சி வந்த பாதை

உடற்கல்வியில் சீருடற்பயிற்சி என்றதும் 'சமநிலை', 'சுழற்சி' என்ற இரண்டு சொற்கள் வந்துவிடும். பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளித் திடலில் ஓர் ஏழு வயதுப் பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறது, மெத்தையில் உருளுகிறது. இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? ஒலிம்பிக்கிலிருந்து என்று சொல்லத் தோன்றும். அது பாதி விடைதான். படைமுகாம் வழியாகவும் வந்தது.

முதலில் நம்ம பக்கத்தைப் பார்ப்போம். வாகையின் காய்ந்த நெற்று காற்றில் ஒலிப்பதற்கு, கயிற்றின் மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலியை உவமை சொல்கிறது குறுந்தொகையின் 7ஆம் பாடல். கயிற்றில் சமநிலை காத்து ஆடுவது சங்கப் புலவருக்கே பழகிய காட்சி என்று இதிலிருந்து தெரிகிறது. சுழற்சிக்குத் தட்டாமாலை இருக்கவே இருக்கிறது. கையை விரித்துச் சுற்றி, தலை கிறுகிறுத்து, பொத்தென்று விழுந்து சிரிக்கும் விளையாட்டு. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியில் ஷ்னெப்ஃபென்டால் பள்ளி ஆசிரியர் குட்ஸ்மூத்ஸ் 1793இல் இளையோருக்கான உடற்பயிற்சி நூலை வெளியிட்டார். நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்ற பிறகு, 1811இல் ஃபிரெடரிக் யான் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சித் திடலை அமைத்தார். இளைஞரைப் போருக்குத் தயார் செய்வது அவர் நோக்கம். அதில் அரசியல் கலந்திருந்ததால், 1820 முதல் 1842 வரை பிரஷ்ய அரசே இந்தப் பயிற்சியைத் தடை செய்தது. உடற்பயிற்சிக்குத் தடையா என்று சிரிக்காதீர்கள், உண்மைதான்! சுவீடனில் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். கட்டளைக்கு ஏற்ப எல்லாரும் ஒரே மாதிரி அசையும் முறை அவருடையது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். போயர் போர் சமயத்தில், படையில் சேர வந்தவர்களில் பலர் உடல் வலுவின்றி இருந்தது பிரிட்டனைக் கலங்கடித்தது. உடனே 1902இல், போர்த்துறையின் பங்கோடு, படைவீரர் பயிற்சியை ஒட்டிய பாடத்திட்டம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது. இது சிறுவருக்கு ஒத்துவராது என்று எதிர்ப்பு கிளம்ப, 1904இல் அதை மாற்றினார்கள். ஆனாலும் "நேரா நில்! ஒன்று, இரண்டு!" என்ற குரல் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. இன்றும் சில திடல்களில் கேட்கிறதே!

அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் திருப்பம். ரூடால்ஃப் லாபான் என்ற நடன அறிஞரின் சிந்தனை பள்ளிகளுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கல்வி அமைச்சு 1952இல் ஒரு கையேட்டையும் 1953இல் இன்னொன்றையும் வெளியிட்டது. 'இப்படி நில்' என்று சொல்லி வந்த இடத்தில், 'உடம்பின் எந்த மூன்று பகுதிகளால் நிற்க முடியும், காட்டு பார்ப்போம்' என்று கேட்கும் முறை வந்தது. இந்த மாற்றத்தை வெறும் ஆண்டாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். முதல் கட்டளையில் தடுமாறும் பிள்ளை தோற்றுவிடுகிறது. இரண்டாவது கேள்வியில் அதே பிள்ளை, இரண்டு முழங்காலும் ஒரு கையும் ஊன்றி ஒரு விடையோடு நிற்கிறது. உடற்கல்வி வேளையைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம்.

சுழன்று நின்ற பிறகும் ஏன் தலை சுற்றுகிறது? உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. உடல் நின்ற பின்னும் அவற்றிலுள்ள நீர்மம் சற்று நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இரண்டு மூன்று சுற்று போதும். பிறகு பிள்ளையைக் கொஞ்சம் உட்கார விடுங்கள்.

முன் உருளலில் மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு விடமுடியாது. தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், எடை கையிலிருந்து தோளுக்குப் போக வேண்டும், உச்சந்தலை மெத்தையில் அழுந்தவே கூடாது. இங்கே கட்டளைதான்.