இறந்த செல் எது? காந்தப்புலமும் சுண்டெலியின் விந்தகமும்

மின்கம்பிகளையும் மின்கருவிகளையும் சூழ்ந்துள்ள 50, 60 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஆண் விலங்குகளின் இனப்பெருக்கத் திறனைக் குறைக்கிறதா என்ற விவாதத்தில், 2004இல் வெளியான கொரியச் சுண்டெலி ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அது மலட்டுத்தன்மைக்குச் சான்று என்கிறது ஒரு தரப்பு; கம்பிச்சுருளின் சூட்டால் வந்த பிழை என்று ஒதுக்குகிறது மறு தரப்பு. ஆய்வின் தரவு இரண்டுக்குமே இடம் தரவில்லை.

அதில் பால்ப்-சி வகைச் சுண்டெலிகள் 8 வாரங்கள், நாள் முழுவதும், 0.1 அல்லது 0.5 மில்லிடெஸ்லா புலத்தில் வைக்கப்பட்டன. உடல் எடையும் விந்தக எடையும் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆனால் உடைந்த டி.என்.ஏ.வைக் காட்டும் டியூனெல் சாயமேற்றலில், அப்போப்டோசிஸ் எனும் திட்டமிட்ட முறையில் இறக்கும் செல்களின் வீதம் ஒப்பீட்டுக் குழுவைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. சாயம் ஏறியவை பெரும்பாலும் ஸ்பெர்மட்டோகோனியா செல்கள். விந்து நுண்குழலின் அடிச்சவ்வை ஒட்டியிருந்து, பிரிந்து பெருகி, விந்தணுவாக்கத்தைத் தொடங்கிவைப்பவை. அதே குழுவின் 2009 ஆய்வு 14, 200 மைக்ரோடெஸ்லா புலங்களை 16 வாரங்கள் செலுத்திப் பார்த்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. அப்போதும் செல் இறப்பு கூடியது; இறந்தவை பெரும்பாலும் ஸ்பெர்மட்டோகோனியாவே.

எத்தனை செல்கள் இறந்தன என்பதைவிட எந்தச் செல்கள் இறந்தன என்பதே இங்கு முதன்மையான சான்று. விந்தகம் சூடேறினால் முதலில் அழிபவை, ஸ்பெர்மட்டோகோனியாவுக்குப் பிந்தைய பாக்கிடீன் நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகளும் அவற்றிலிருந்து உருவாகும் இளம் ஸ்பெர்மட்டிடுகளும். ஸ்பெர்மட்டோகோனியா ஓரளவு தாங்கி நிற்கும். கம்பிச்சுருளின் இரைச்சலாலும் அதிர்வாலும் விலங்கு அழுத்தத்துக்கு ஆளாகி டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தாலும், பாதிப்பு பெரிதும் பிந்தைய நிலைச் செல்களிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சூடு, அழுத்தம் என்ற இரு விளக்கங்களும் இறந்த செல்லின் அடையாளத்தோடு பொருந்தவில்லை. டியூனெல் சாயம், சேதத்தால் சிதைந்து இறக்கும் நெக்ரோசிஸ் செல்களிலும் ஏறக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் இறக்கும் ஸ்பெர்மட்டோகோனியாவில் மின்னணு நுண்ணோக்கி வழியே தெரிந்த, அப்போப்டோசிஸை ஒத்த குரோமாட்டின் செறிவு அந்த ஐயத்தைப் பெருமளவு போக்குகிறது. இவ்வளவு குறைந்த அதிர்வெண்ணுக்கு வேதிப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லை என்ற வாதமும் வலுவற்றது: செயல்முறை விளங்காததால் அவதானிப்பு பொய்யாகிவிடாது.

இதிலிருந்து மலட்டுத்தன்மைக்குத் தாவுவதும் பொருந்தாது. சுண்டெலியில் விந்தணுவாக்கம் முழுமை பெற ஏறத்தாழ 35 நாட்கள் ஆகும். சோதனை நடந்ததோ 56 நாட்கள். ஸ்பெர்மட்டோகோனியா தொடக்கம் முதலே பெருமளவில் அழிந்திருந்தால், அந்தக் குறை அதற்குள் ஸ்பெர்மட்டிடுகளையும் எட்டியிருக்கும். விந்தக எடையில் பெரும்பங்கு அவையும் அவற்றுக்கு முந்தைய ஸ்பெர்மட்டோசைட்டுகளும் என்பதால் எடையும் குறைந்திருக்க வேண்டும். அது குறையாததற்கு இரண்டு காரணங்களே பொருந்துகின்றன: இழப்பு சிறியது, அல்லது ஈடுசெய்யப்பட்டது. இரண்டாவது புதிதல்ல. இயல்பான விந்தகத்திலேயே ஸ்பெர்மட்டோகோனியாவில் கணிசமான பங்கு இறக்கிறது; செல்களின் அடர்த்தி அவ்வாறே கட்டுக்குள் இருக்கிறது. புலத்தின் தாக்கம் இந்தச் சீரமைப்பைச் சற்றே கூட்டியதாக இருக்கலாம்.

எனினும், எடை ஒரு முரட்டு அளவுகோல். சிறு குறைவு அதில் தப்பிவிடும். இனச்சேர்க்கைச் சோதனையும் போதாது. கொறித்துண்ணிகளில் விந்தணு உற்பத்தி வெகுவாகச் சரிந்த பிறகும் கருவுறச் செய்யும் திறன் நிலைத்திருப்பதுண்டு. விந்தகத்தை அரைத்து, சிதையாமல் எஞ்சும் ஸ்பெர்மட்டிடுகளை எண்ணும் முறையே இக்கேள்விக்கு உகந்தது. அதை வேறொரு குழு, கம்பிச்சுருளின் சூட்டையும் அதிர்வையும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் சமமாகத் தந்து, செய்து பார்க்க வேண்டும்.

பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு, 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா. அது நரம்பு மண்டலத் தூண்டலை அடிப்படையாகக் கொண்டது. விந்தகத்தைக் கருதி வகுத்ததல்ல. 14 மைக்ரோடெஸ்லாவில் கண்ட மாற்றம் மறுசோதனையிலும் நிலைத்தால், வரம்பின் அடிப்படையை மீண்டும் ஆராய வேண்டிவரும். இப்போதுள்ள சான்று உணர்த்துவது, சுண்டெலியின் விந்தகத்தில் செல் மட்டத்தில் நிகழும் ஒரு விளைவை. இனப்பெருக்கத் திறனின் இழப்பை அது காட்டவில்லை.