உலோக அயனிகளுக்கான இணைவுப் பல்லுறுப்பி ஒளியுணரிகள்

இணைவுப் பல்லுறுப்பி ஒளியுணரிகள் என்பன கரைசலில் உள்ள உலோக அயனிகளைத் தமது நிறமாற்றத்தாலோ உடனொளிர்வு மாற்றத்தாலோ காட்டும் கரிமச் சேர்மங்கள் ஆகும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் மிகச் சிறிய அளவிலேயே நச்சுத்தன்மை உடையவை. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 10 மைக்ரோகிராமையும் கனிமப் பாதரசம் 6 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. இவ்வளவு குறைந்த அளவுகள் பொதுவாக அணு உட்கவர் நிறமாலைமானி போன்ற ஆய்வகக் கருவிகளால் அளக்கப்படுகின்றன. நீர் எடுக்கும் இடத்திலேயே சோதிக்க உதவும் எளிய முறையாக இவ்வுணரிகள் ஆராயப்படுகின்றன.

அமைப்பு

இப்பல்லுறுப்பிகளின் முதன்மைச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்புகளும் இரட்டை அல்லது மும்மைப் பிணைப்புகளும் மாறிமாறி அமைகின்றன. இதனால் பை எலக்ட்ரான்கள் ஓர் அணுவுடன் கட்டுண்டிராமல் சங்கிலியின் நெடுகப் பரவியுள்ளன. இத்தகைய பல்லுறுப்பிகள் மின்சாரத்தைக் கடத்தும் எனக் கண்டறிந்து வளர்த்தெடுத்தமைக்காக ஆலன் ஈகர், ஆலன் மெக்டயர்மிட், இதெக்கி சிராக்காவா ஆகியோருக்கு 2000ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சங்கிலியுடன் பைபிரிடின், கிரௌன் ஈதர், கார்பாக்சிலேட்டு போன்ற அயனி பற்றும் தொகுதிகளை இணைத்தால் அது உணரியாகிறது.

செயற்படும் முறை

வடிவ மாற்றம்: பைபிரிடினின் இரு வளையங்களும் இயல்பில் சற்றே முறுக்கிய நிலையில் இருக்கும். அவற்றிடையே உலோக அயனி பிணையும்போது வளையங்கள் ஒரே தளத்திற்கு வருகின்றன, இணைவு நீள்கிறது, உட்கவரும் ஒளி நெடிய அலைநீளத்திற்கு நகர்கிறது. 1997இல் வாங், வாசிலெவ்ஸ்கி ஆகியோர் இதனை விளக்கினர். இதற்கு மாறாக, 1993இல் மார்செல்லா, சுவாகர் ஆகியோர் உருவாக்கிய கிரௌன் ஈதர் கொண்ட பாலிதயோபீன், அயனியைப் பற்றியதும் முறுக்கிக் கொள்கிறது. அதன் உட்கவர்ச்சி குறுகிய அலைநீளத்திற்கு நகர்கிறது.

ஒளிர்வுத் தணிப்பு: தனித்தனிச் சாய மூலக்கூறுகளில் ஓர் அயனி ஒரு மூலக்கூறின் ஒளிர்வையே அணைக்க இயலும். இணைவுப் பல்லுறுப்பியிலோ ஒளியை உட்கவர்வதால் உண்டாகும் ஆற்றல் (எக்சிட்டான்) சங்கிலியில் பல அலகுகளைக் கடந்து செல்கிறது. வழியில் ஓரிடத்தில் அயனி பிணைந்திருந்தாலும் ஆற்றல் அங்கே சிக்குவதால், சங்கிலியின் பெரும்பகுதி ஒளி இழக்கிறது. இந்த மிகைப்பு விளைவை 1995இல் சோ, சுவாகர் ஆகியோர் பாராகுவாட் என்னும் கரிமச் சேர்மத்தைக் கொண்டு நிறுவினர். பின்னர் இக்கொள்கை உலோக அயனிகளுக்கும் பயன்படுத்தப்பட்டது.

குறைபாடுகளும் தீர்வுகளும்

மிகைப்பு உணர்திறனைக் கூட்டுமே தவிர, அயனியை இனங்காட்டாது. செம்பு(II), இரும்பு(III) அயனிகளும் ஒளிர்வைத் தணிக்கக்கூடும் என்பதால், ஒளி மங்குவதை மட்டும் கொண்டு நீரில் பாதரசம் உள்ளது எனக் கூற முடியாது. நீரில் கரைவதற்காகச் சேர்க்கப்படும் மின்சுமைத் தொகுதிகள் புரதம் போன்ற பிற பொருள்களையும் ஈர்க்கின்றன.

இதனால் குறித்த அயனியை மட்டும் பற்றும் தொகுதிகள் தேடப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, டி.என்.ஏ.யின் தைமின் காரங்கள் இரண்டினிடையே பாதரசம்(II) அயனி பொருந்தி அமர்கிறது. இப்பண்பு பாதரச உணரிகளில் பயன்படுகிறது. வெவ்வேறு பல்லுறுப்பிகளை வரிசையாக வைத்து, அவற்றின் மாற்றங்களின் கோலத்தைக் கொண்டு அயனியை அறிவது மற்றொரு முறையாகும். எம்முறையாயினும், முதற்கட்டச் சோதனையில் ஐயத்திற்குரியதாகத் தெரியும் நீரை ஆய்வகக் கருவியால் உறுதிசெய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

கடத்தும் பல்லுறுப்பி
உடனொளிர்வு
பாதரச நச்சுமை