கிண்டியில் விழுந்த கேள்வி

போஸ்ட்டாக் முடித்து ஊர் திரும்பும் என் மாணவர்கள் யாரையும் ஜி.என். ராமச்சந்திரன் கதையைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. சிலர் கொட்டாவி விடுவார்கள். விடட்டும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்திலும் வேலை செய்துவிட்டு வந்தவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கொடுத்த சுதந்திரத்தில் கிண்டி வளாகத்தில் ஓர் எக்ஸ்-கதிர் ஆய்வகம் எழுந்தது.

லண்டனிலிருந்து படிகவியலாளர் ஜே.டி. பெர்னல் வந்து அதைப் பார்த்தார். எதை ஆராயலாம் என்று பேச்சு போனபோது, தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்றார். வந்தவர் போய்விட்டார், கேள்வி கிண்டியிலேயே தங்கிவிட்டது. ஒப்பந்தம், கையெழுத்து, நிதி எதுவும் கிடையாது. கொலாஜனுக்கும் கடல் கடக்க வேண்டியதில்லை. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் கொண்ட அமைப்பை 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த இழைகள் சடைபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று 1955-இல் திருத்தினார்கள். அதே ஆண்டு, அதே இதழில், அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் மறுப்போடு வந்தார்கள்: மூவிழை சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வராது, ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். வேறொருவர் என்றால் வருந்தியிருப்பார், அல்லது கடைசிவரை வாதாடியிருப்பார். ராமச்சந்திரனும் வாதாடினார்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டார்: அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு எல்லை எது? வெளிவந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையிலான தூரங்களைத் திரட்டி, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்குப் போட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள். எந்தச் சேர்க்கை நடக்கும், எது நடக்காது என்று தாளில் வரைந்தார்கள். 1963-இல் வெளிவந்த அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் யார் ஒரு புரத அமைப்பை வெளியிட்டாலும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

பிணைப்பு விஷயத்தில் வென்றது ரிச்சும் கிரிக்கும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொலாஜனை ஒத்த ஒரு சிறு சங்கிலிக்கு 1994-இல் வந்த படிக அமைப்பில் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு பிணைப்புதான் இருந்தது.

1963-இலும் 1967-இலும் சென்னையில் அவர் நடத்திய கருத்தரங்குகளுக்கு வெளிநாட்டு அறிஞர்கள் கப்பலும் விமானமும் ஏறி வந்தார்கள். இரண்டாவதற்கு வந்தவர்களில் லைனஸ் பாலிங்கும் ஒருவர்.

கிண்டிக்குக் கேள்வி கிடைத்தது வெளியிலிருந்து ஒருவர் இங்கே வந்ததால்தான். நம் உதவித்தொகைகளோ பெரும்பாலும் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் இருக்கின்றன. அது வேண்டும், நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் நிதி கொடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அங்கிருந்து இளம் ஆய்வாளர்கள் நம் ஆய்வகங்களுக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கி, நம்மோடு சண்டை போடவும் பணம் ஒதுக்குங்கள்.